முதுகுப் பக்கமாக வரும் குளிர்: அப்பலாச்சியன் மலைத்தடத்தில் தூளி கட்டித் தூங்குகிறவர்களின் கதை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அமிகலோலா என்றோர் அருவி இருக்கிறது. 222 மீட்டர் உயரத்திலிருந்து பாறை பாறையாகத் தாவி இறங்கும் அருவி. அதை ஒட்டிய பூங்காவின் பார்வையாளர் மையத்துக்கு வெளியே ஓர் எடைத்தராசு உண்டு. மார்ச் மாதம் பிறந்துவிட்டால் அந்தத் தராசுக்கு ஓய்வே கிடையாது. முதுகில் பெரிய பையோடு வருகிறவர்கள் பையைக் கழற்றி அதில் மாட்டிப் பார்க்கிறார்கள். 12 கிலோ, 15 கிலோ, சிலருக்கு 20 கிலோ. முள் நிற்கும் இடத்தைப் பார்த்ததும் பலருக்கு முகம் மாறிவிடுகிறது.

மாறாமல் என்ன செய்யும்? அந்த மூட்டையைச் சுமந்துகொண்டு அவர்கள் நடக்கப்போவது சுமார் 3,500 கிலோமீட்டர்!

அருவிக்கு மேலே சுமார் 14 கிலோமீட்டர் ஏறினால் ஸ்பிரிங்கர் மலை. உயரம் 1,153 மீட்டர். அதன் உச்சிப் பாறையில் வெண்கலத் தகடு ஒன்று பதித்திருக்கிறார்கள். அதுதான் அப்பலாச்சியன் மலைத்தடத்தின் தெற்கு முனை. அங்கே கிளம்பும் ஒற்றையடிப் பாதை 14 மாநிலங்களைக் கடந்து, வடக்கே மெய்ன் மாநிலத்தில் கட்டாடின் மலை உச்சியில் போய் முடிகிறது. 1921-ல் பென்டன் மெக்கே என்பவர் முன்வைத்த யோசனை இது. 1937-ல் பாதை முழுமை பெற்றது. 1948-ல் ஏர்ல் ஷேஃபர் என்ற முன்னாள் ராணுவ வீரர் ஒரே மூச்சில் இதை நடந்து முடித்தார். இன்று ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கானவர்கள் முயல்கிறார்கள். ஐந்து முதல் ஏழு மாதங்கள் ஆகும். ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான் கடைசி வரை போய்ச் சேர்கிறார்.

மற்ற மூவரும் ஏன் வீடு திரும்புகிறார்கள்? கால் வலி, காயம், பணத் தட்டுப்பாடு, வீட்டு நினைப்பு என்று காரணங்கள் பல. அவற்றோடு இன்னொன்றும் உண்டு. அது தூக்கம். பகலெல்லாம் மலை ஏறி இறங்கியவருக்கு இரவில் தூக்கம் இல்லை என்றால், மறுநாள் கால் எப்படி நகரும்? அந்தத் தூக்கத்தைக் கெடுப்பதில் முதல் இடம் குளிருக்கு. அதிலும், யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வரும் குளிருக்கு!

மரத்துக்கு மரம் ஒரு தூளி

இந்தப் பாதைக்குப் 'பச்சைச் சுரங்கம்' என்று செல்லப் பெயர் உண்டு. பெரும்பகுதி அடர்ந்த காடு. தரையைப் பார்த்தால் சரிவு, பாறை, முண்டு முண்டாக வேர். மழை பெய்தால் சமதரை இருக்கும் கொஞ்ச இடத்திலும் தண்ணீர் தேங்கிவிடும். கூடாரம் அடிக்க ஏற்ற இடம் தேடியே பலருக்கு மாலைப்பொழுது போய்விடும். ஆனால், மரத்துக்குப் பஞ்சமே இல்லை.

அதனால்தான் ஒரு கூட்டம் கூடாரத்தை விட்டுவிட்டு 'ஹேமக்' பக்கம் சாய்ந்துவிட்டது. இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிடும் மெல்லிய நைலான் துணிதான் ஹேமக். நம் வீடுகளில் பழைய சேலையில் குழந்தைக்குத் தூளி கட்டுவோம் அல்லவா? அதுவே பெரியவர்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே மழைக்கு ஒரு தார்ப்பாய், பக்கத்தில் கொசுவுக்கு ஒரு வலை. எல்லாவற்றையும் சுருட்டினால் ஒரு தலையணை அளவுதான் வரும்.

கல் குத்தாது, ஈரம் ஏறாது, சரிவில்கூடக் கட்டலாம். துணியின் நீளவாட்டில் நேராகப் படுக்காமல் கொஞ்சம் குறுக்காகப் படுத்தால், முதுகு வில்லாக வளையாமல் ஏறக்குறைய சமமாகக் கிடக்கும். முதுகுவலிக்காரர்கள் பலர் 'தரையில் படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை, இதில் படுத்தால் எழுந்திருக்கவே மனமில்லை' என்கிற அளவுக்கு இதன் ரசிகர்கள்.

இதெல்லாம் வெயில் காலத்துப் பேச்சு. மார்ச் மாத ஸ்பிரிங்கர் மலை வேறு கதை. இரவில் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸைத் தொடுவது அங்கே சாதாரணம். பனி விழும் நாள்களும் உண்டு.

புதிதாக ஹேமக் வாங்கி வந்தவர் என்ன செய்வார்? உறைகுளிருக்கென்றே செய்த ஸ்லீப்பிங் பேக் ஒன்றை வாங்கியிருப்பார். ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு, நிம்மதியாகக் கண்ணை மூடுவார். முதல் ஒரு மணி நேரம் சுகம். பிறகு இடுப்புக்குக் கீழே ஏதோ ஈரம் பட்டதுபோல் இருக்கும். தொட்டுப் பார்த்தால் ஈரம் இல்லை. புரண்டு படுத்தால் தோள் ஜில்லென்கிறது. இரவு இரண்டு மணிக்கெல்லாம், மார்பு கதகதப்பாகவும் முதுகு ஐஸ் கட்டி மேல் கிடப்பதாகவும் விசித்திரமான நிலை. நான்கு மணிக்கு உடல் நடுங்கும். விடிந்தால் போதும் என்று உட்கார்ந்துவிடுவார்.

ஹேமக் பழக்கமுள்ளவர்கள் இதற்கு வேடிக்கையாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 'குளிர்ந்த பிட்ட நோய்!' பெயர் சிரிப்பாக இருந்தாலும், விஷயம் சிரிக்கக்கூடியது இல்லை.

போர்வை இருந்தும் ஏன் குளிர்கிறது?

முதலில் ஓர் உண்மை. எந்தப் போர்வையும் சூடு தருவதில்லை. சூடு தருவது உடல்தான். தூங்கும் மனித உடல் சுமார் 70 முதல் 80 வாட் வெப்பத்தை வெளியிட்டபடியே இருக்கிறது. பழைய காலத்துக் குண்டு பல்பு ஒன்று எரிவதுபோல. அந்த வெப்பம் வெளியே ஓடிவிடாமல் பிடித்து வைப்பது மட்டுமே போர்வையின் வேலை.

எதைக் கொண்டு பிடித்து வைக்கிறது? துணியாலா, பஞ்சாலா? இரண்டும் இல்லை. காற்றால்! அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. பஞ்சும் கம்பளியும் வாத்தின் மென்தூவியும் செய்வது ஒன்றே ஒன்றுதான். தங்கள் இழைகளுக்கு நடுவே காற்றைச் சின்னச் சின்ன அறைகளில் அடைத்து, அசையவிடாமல் வைத்திருக்கின்றன. எவ்வளவு உப்பலாக இருக்கிறதோ, அவ்வளவு காற்று. எவ்வளவு காற்றோ, அவ்வளவு கதகதப்பு.

இலவம்பஞ்சுத் தலையணையை வெயிலில் காயவைத்துத் தட்டினால் 'புஸ்'ஸென்று உப்பும். அதன் மேல் ஒருவர் ஏறி உட்கார்ந்தால்? தட்டையாகிவிடும். ஸ்லீப்பிங் பேக்குக்கு நேர்வதும் அதுதான். மேல் பக்கம் நான்கு விரல் கனத்துக்கு உப்பியிருக்கும் அதே பை, உடலின் எடை விழும் கீழ்ப் பக்கத்தில் நசுங்கி, இரண்டு துணிக்கு இடையே காகிதம் வைத்ததுபோல ஆகிவிடுகிறது. உள்ளே காற்று இல்லை. காற்று இல்லை என்றால் காப்பும் இல்லை.

தரையில் படுப்பவருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஆனால், அவர் எப்படியும் கீழே ஒரு பாய் விரித்துத்தான் படுப்பார். தவிரவும், தரை வீசாது. ஹேமக்கில் படுப்பவருக்குக் கீழே இருப்பது தரை இல்லை, நகர்ந்துகொண்டே இருக்கும் காற்று. முதுகு சூடாக்கிய காற்றை அடுத்த நொடியே அடித்துக்கொண்டுபோய், புதுக் குளிர்காற்றைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மேசையில் வைத்த காபி மெல்ல ஆறும். அதையே மின்விசிறிக்கு நேராக வைத்தால்? அந்தக் காபியின் நிலைமைதான் முதுகுக்கும்.

இதனால்தான் பனிக்காலம் மட்டும் இல்லை, வெளியே 20 டிகிரி செல்சியஸ் இருக்கும் இரவிலேயே பலருக்கு ஹேமக்கில் முதுகு குளிரத் தொடங்குகிறது. கட்டிலில் படுத்தால் ஒரு மெல்லிய போர்வை போதும் என்று தோன்றும் அதே 20 டிகிரியில்!

நெருப்பும் மெத்தையும்

ஹேமக் என்ற சொல்லே கரீபியன் தீவுகளின் டைனோ மக்களுடையது. அவர்கள் மொழியில் 'ஹமாகா'. 1492-ல் கொலம்பஸ் அங்கே போனபோது, பருத்தி நூலில் வலைபோல் பின்னிய தொங்கும் படுக்கைகளைக் கண்டு குறித்துவைத்தார். ஐரோப்பாவுக்கு இந்தப் படுக்கை அந்த வழியாகத்தான் போனது.

வெப்பமண்டல மக்களுக்கு முதுகில் காற்று படுவது சுகம். ஆனால், அங்கும் விடியற்காலைக் குளிர் உண்டு. அதற்கு அவர்கள் கண்ட வழி நெருப்பு. பிரேசிலில் டுபினாம்பா மக்களிடம் பிடிபட்டுத் தப்பிவந்த ஹான்ஸ் ஸ்டாடன் என்ற ஜெர்மானியர், 1557-ல் வெளியான தன் புத்தகத்தில், அந்த மக்கள் பருத்தித் தொங்கு படுக்கையில் தூங்குவதையும், இரவு முழுக்கப் பக்கத்தில் நெருப்பை அணையாமல் வைத்திருப்பதையும் எழுதியிருக்கிறார்.

1597-ல் ஆங்கிலேயக் கடற்படை ஹேமக்கைக் கப்பல் படுக்கையாக ஏற்றுக்கொண்டது. கப்பல் ஆடும்போது கட்டிலில் படுத்தவர் உருண்டு விழுவார். தொங்கும் படுக்கையோ கப்பலோடு சேர்ந்து ஆடும். மாலுமி ஒருவருக்கு ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். மரக்கப்பலுக்குள் நெருப்பு வைக்க முடியுமா? அதனால், மாலுமிகள் ஹேமக்கின் உள்ளே மெல்லிய மெத்தை ஒன்றைப் போட்டுக்கொண்டார்கள்.

ஆக, முதுகுக் குளிருக்கு அன்றே இரண்டு விடைகள் கிடைத்துவிட்டன. கீழே சூடு வை, அல்லது இடையில் எதையாவது போடு. இன்றைய ஹேமக் நைலான். ஒரு தீப்பொறி பட்டாலே ஓட்டையாகிவிடும். அதனால், முதல் விடை இனி உதவாது. அப்பலாச்சியன் தடத்தில் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது இரண்டாவது விடையைத்தான்.

நீல் கணவாயில் மூட்டையைப் பிரிக்கும்போது

ஸ்பிரிங்கரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். ஜார்ஜியாவில் இந்தத் தடத்தின் மிக உயரமான இடமான 1,359 மீட்டர் பிளட் மலையைக் கடந்து இறங்கினால், நீல் கணவாய். அங்கே 1930-களில் கட்டிய கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. மலைத்தடம் அந்தக் கட்டடத்தின் நடுவிலேயே புகுந்து செல்கிறது! உள்ளே மலையேற்றப் பொருள்கள் விற்கும் கடை. வெளியே நீண்ட காலம் ஒரு மரம் நிறைய பழைய காலணிகள் தொங்கின.

மூன்று நான்கு இரவுகள் நடுங்கிய பிறகு இங்கே வருகிறவர்களுக்கு இந்தக் கடை ஆஸ்பத்திரி மாதிரி. பையைக் கொட்டி, எது தேவை, எது வீண் சுமை என்று கடைக்காரர்களின் உதவியோடு பிரித்துப் பார்ப்பது இங்கே வழக்கம். தடத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வண்டி ஏறுகிறவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். ஹேமக்காரர்களுக்கு இங்கே வரும் கேள்வி இதுதான்: பாயா, அடிப்போர்வையா?

பாய் என்றால், காற்றுக்குமிழிகள் அடைத்த ஃபோம் பாய். விலை குறைவு. எடை அரைக் கிலோகூட இல்லை. உடலின் எடைக்கு நசுங்காது, நனைந்தாலும் கெடாது. ஹேமக்குக்குள் விரித்துப் படுத்தால் முதுகு தப்பிக்கும். ஆனால், தொல்லைகளும் உண்டு. துணி வழுக்கும், நடுராத்திரியில் பாய் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஹேமக் துணி தோளைச் சுற்றி மடிந்து அணைப்பதால், பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தோள் மட்டும் விறைக்கும். பாய்மேல் வியர்வையும் தங்கும். இரண்டு அடுக்குத் துணி உள்ள ஹேமக் வாங்கி, அடுக்குகளுக்கு நடுவே பாயைச் செருகினால் பாதித் தொல்லை தீரும். கையில் காசு குறைவாக உள்ளவர்கள், காரின் முன் கண்ணாடிக்கு வெயில் மறைக்க வைக்கும் பளபளப்பான மடிப்புத் தட்டியை விரித்துப் படுப்பதும் உண்டு.

அடிப்போர்வை வேறு வகை யோசனை. 'நசுங்குவதுதானே பிரச்னை? நசுங்காத இடத்தில் வைத்தால் போகிறது!' என்று எளிமையாக யோசித்திருக்கிறார்கள். தூவி நிரப்பிய போர்வையை ஹேமக்குக்கு உள்ளே போடாமல், வெளியே, அடியில், எலாஸ்டிக் கயிற்றால் தொங்கவிடுகிறார்கள். உடலின் எடையை ஹேமக் துணி தாங்கிக்கொள்கிறது. அடிப்போர்வை மேல் எடையே விழுவதில்லை. இரவு முழுக்க உப்பலாகவே இருந்து காற்றைப் பிடித்து வைக்கிறது. அம்மா குழந்தையைக் கீழிருந்து இரு கைகளிலும் ஏந்திக்கொள்வதுபோல!

விலைதான் கொஞ்சம் கண்ணைக் கட்டும். நல்ல தூவி அடிப்போர்வைக்குச் சில நூறு டாலர்கள் ஆகும். அதனால், பழைய ஸ்லீப்பிங் பேக்கைப் பிரித்துத் தாங்களே தைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு விரல் இடைவெளி

விலை கொடுத்து வாங்கிவிட்டால் மட்டும் குளிர் போய்விடாது. அடிப்போர்வையைக் கட்டுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கயிறு தளர்ந்திருந்தால், போர்வை தொய்ந்து, ஹேமக்குக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழும். அந்த இடைவெளியில் குளிர்காற்று ஆற்றுத் தண்ணீர்போலப் புகுந்து ஓடும். போர்வை இருந்தும் இல்லாத கதைதான். சரி என்று கயிற்றை இறுக்கினால், தூவி ஹேமக்கோடு ஒட்டி நசுங்கிவிடும். மறுபடியும் காற்று போய்விடும். தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். ஹேமக்கில் படுத்தபடி, பக்கவாட்டில் கையை விட்டுத் தடவிப் பார்த்துச் சரிசெய்வார்கள். இடுப்புக்குக் கீழே கை தாராளமாக நுழைந்தால், இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும் என்று பொருள்.

தலைப் பக்கமும் கால் பக்கமும் போர்வையின் இரு முனைகளையும் சுருக்குப்பைபோல இழுத்து மூட வேண்டும். இதை மறந்தால், முனை வழியாகக் காற்று நுழைந்து முதுகு முழுக்க உலாவிவிட்டுப் போகும். ஹேமக் கட்டும்போதே கால் பக்கத்தை ஒரு சாண் உயரமாகக் கட்டுவதும் வழக்கம். இல்லாவிட்டால் தூக்கத்தில் உடல் கால் பக்கமாக வழுக்கி இறங்கி, போர்வை இல்லாத இடத்துக்குப் போய்விடும்.

இன்னொன்று காற்றின் திசை. தார்ப்பாயை உயரத்தில் விரித்துக் கட்டினால் காட்சி அழகாகத் தெரியும், குளிரும் அழகாக வரும். குளிர் இரவில் அதைத் தாழ்த்தி, காற்று வரும் பக்கத்தைத் தரையோடு ஒட்டிக் கட்டுகிறார்கள். மலை முகட்டில் கட்டாமல், கொஞ்சம் கீழே, காற்று மறைவில் இடம் பார்க்கிறார்கள். அதற்காகப் பள்ளத்தாக்கின் அடிக்குப் போய்விடவும் கூடாது. காற்றில்லாத இரவில் குளிர்காற்று கனத்து இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும்.

கொட்டகைக்குள் ஒரு புதுச் சிக்கல்

வடக்கே நடந்து வட கரோலினாவுக்குள் போனால், ஃபோன்டானா அணையைத் தாண்டி கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்கா. தடம் அதற்குள் சுமார் 115 கிலோமீட்டர் ஓடுகிறது. முழுத் தடத்திலும் மிக உயரமான இடமும் இங்கேதான் இருக்கிறது. 2,025 மீட்டர் உயரமுள்ள குவோஹி சிகரம். நீண்ட காலம் கிளிங்மன்ஸ் டோம் என்றழைத்த இந்தச் சிகரத்துக்கு, செரோக்கி மக்கள் வைத்திருந்த பழைய பெயரையே 2024-ல் திருப்பிக் கொடுத்தார்கள். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் 10 டிகிரி செல்சியஸ் வரை வித்தியாசம் இருக்கும். அடிவாரத்தில் பூக்கள் பூத்திருக்கும் ஏப்ரலில், உச்சியில் பனி கிடக்கும்.

இங்கே ஹேமக்காரர்களுக்குப் புதுத் தலைவலி. முழுத் தடத்தையும் நடப்பவர்கள், பாதையோரக் கொட்டகைகளில் இடம் இருந்தால் அங்கேதான் படுக்க வேண்டும் என்பது பூங்கா விதி. கொட்டகைக்குள் ஹேமக் கட்டக் கூடாது. அதன் தூண்களிலும் கட்டக் கூடாது. ஆக, அன்றிரவு படுக்கை மரப்பலகை மேல்.

பலகை மேல் அடிப்போர்வையை விரித்தால் என்ன ஆகும்? ஸ்லீப்பிங் பேக்குக்கு ஆனதுதான். உடலின் எடையில் நசுங்கிவிடும். சில நூறு டாலர் கொடுத்து வாங்கிய பொருள், அந்த இரவு பழைய பெட்ஷீட்டுக்குச் சமம். அனுபவம் உள்ளவர்கள், அடிப்போர்வை வைத்திருந்தாலும் ஒரு மெல்லிய ஃபோம் பாயைச் சுருட்டிப் பைக்கு வெளியே மாட்டிக்கொண்டு வருவதன் காரணம் இதுதான். பகலில் ஈரப்பாறையில் உட்கார, இரவில் பலகையில் படுக்க, ஹேமக்கில் படுக்கும்போது காலுக்கடியில் செருக என்று அந்தப் பாய்க்கு மூன்று வேலைகள்.

பாட்டியும் சூடான கல்லும்

அடிப்போர்வையும் ஃபோம் பாயும் இல்லாத காலத்தில் இந்தத் தடத்தில் நடந்தவர்கள் என்ன செய்தார்கள்? எம்மா கேட்வுட் என்ற பெண்மணியைத் தெரிந்துகொண்டால் வியப்பாக இருக்கும்.

ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்தவர். 11 பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். கணவரின் அடி உதைகளைப் பல ஆண்டுகள் தாங்கி, பிறகு விவாகரத்து பெற்றவர். 1955-ல், 67 வயதில், வீட்டில் தானே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சாதாரண கேன்வாஸ் ஷூவில் தனியாகக் கிளம்பினார். கூடாரம் இல்லை. ஸ்லீப்பிங் பேக் இல்லை. ஒரு கம்பளி, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை ஒன்று. அந்த ஆண்டு செப்டம்பரில் கட்டாடின் உச்சியை அடைந்தார். முழுத் தடத்தையும் ஒரே பயணத்தில் தனியாக நடந்து முடித்த முதல் பெண் அவர்தான். 'கேட்வுட் பாட்டி' என்று அமெரிக்காவே கொண்டாடியது. 1957-ல் மறுபடியும் நடந்தார்!

குளிர் இரவுகளில் அவர் செய்த வேலை இதுதான். தட்டையான கற்களை நெருப்பருகே வைத்துச் சூடாக்கி, அவற்றின் மேல் படுத்துக்கொள்வார். மேலே போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி போதும், கீழேதான் சூடு வேண்டும் என்பதை அவர் தெரிந்து வைத்திருந்தார்.

அந்தச் சூடான கல்லின் இன்றைய வடிவம் வெந்நீர் பாட்டில். படுக்கப்போகும் முன் தண்ணீரைக் காய்ச்சி, கெட்டியான பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கிச் சோதித்து, ஒரு காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவிலோ பாதத்தருகிலோ வைத்துக்கொள்கிறார்கள். சில மணி நேரம் சூடு தாங்கும்.

நடுக்கம் சொல்லும் எச்சரிக்கை

ஒரு ராத்திரி குளிரினால் என்ன ஆகிவிடும் என்று அலட்சியமாக இருக்க முடியாது. உடலின் உள் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவதை ஹைப்போதெர்மியா என்கிறார்கள். இதற்கு உறைபனி தேவையில்லை. ஐந்து, பத்து டிகிரியில்கூட, உடை நனைந்து காற்றும் வீசினால் போதும். தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால்தான் நம் ஊர் வெயிலுக்கு இதமான பருத்தி உடை, அந்த மலையில் ஆபத்து. வியர்வையிலும் மழையிலும் நனைந்தால் சீக்கிரம் காயாது. நனைந்த தூவியும் உப்பலை இழந்துவிடும்.

முதலில் நடுக்கம். பிறகு நடை தடுமாறும், பேச்சு குழறும், கையில் ஜிப்பைக்கூடப் பிடிக்க வராது, காரணமில்லாமல் எரிச்சல் வரும். நடுக்கம் தானாக நின்றால் உடல் தேறிவிட்டது என்று பொருள் இல்லை; நிலைமை மோசமாகிவிட்டது என்று பொருள். பாதிக்கப்பட்டவருக்கே இது தெரியாது. உடன் வந்தவர்தான் கவனிக்க வேண்டும். ஈர உடையை மாற்றி, காற்று படாத இடத்தில் படுக்கவைத்து, மேலேயும் கீழேயும் போர்த்தி, உதவிக்கு ஆள் அழைக்க வேண்டும்.

படுக்கும் முன் செய்ய வேண்டியவை என்று அனுபவசாலிகள் சொல்பவையும் எளிமையானவை. வயிறு நிறையச் சாப்பிடுங்கள். உடல் என்ற அடுப்புக்கு அதுதான் விறகு. நடந்த உடையோடு படுக்காமல், காய்ந்த உடைக்கு மாறுங்கள். குளிரில் விறைத்தபடி போர்வைக்குள் புகாமல், கொஞ்சம் கை காலை அசைத்துச் சூடேற்றிக்கொண்டு புகுங்கள். நடுராத்திரியில் சிறுநீர் வந்தால் அடக்காதீர்கள். அடக்கிக்கொண்டு குளிரில் விழித்துக் கிடப்பதில் தூக்கம்தான் போகும். புதிய படுக்கையை முதன்முதலில் மலை உச்சியில் சோதிக்காதீர்கள். வீட்டுக் கொல்லையிலோ, வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலோ ஒரு குளிர் இரவில் படுத்துப் பாருங்கள். மரத்தில் கயிற்றை நேரடியாகக் கட்டாமல், அகலமான பட்டையைச் சுற்றிக் கட்டுங்கள். மரத்தின் தோல் அறுபடாது. காய்ந்த மரத்திலோ, முறிந்த கிளை தொங்கும் மரத்தடியிலோ மட்டும் கட்டவே கட்டாதீர்கள்.

தபாலில் போகும் போர்வை

தென் வர்ஜீனியாவில் மவுன்ட் ரோஜர்ஸ் பகுதி வருகிறது. சின்னக் குதிரைகள் சுதந்திரமாக மேயும் புல்வெளிகள். அதைத் தாண்டியதும் நடைப்பயணிகள் பலர் செய்யும் முதல் வேலை, தபால் நிலையம் தேடுவது. கனத்த குளிர்காலச் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கோடை வந்துவிட்டது. வர்ஜீனியாவில் மட்டும் சுமார் 885 கிலோமீட்டர் நடக்க வேண்டும். புழுக்கம் பிடுங்கும் அந்த இரவுகளில், மார்ச்சில் எமனாக இருந்த அதே அடிக்காற்று வரமாகிவிடுகிறது. கூடாரத்துக்குள் வியர்த்துப் புரள்பவர்களுக்குப் பக்கத்தில், ஹேமக்காரர்கள் முதுகில் தென்றல் வாங்கியபடி தூங்குகிறார்கள். டைனோ மக்கள் இந்தப் படுக்கையைப் பின்னியது இப்படிப்பட்ட இரவுகளுக்குத்தான்.

அனுப்பிய பெட்டி மறுபடியும் தேவைப்படும். நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகள் தொடங்கும் இடத்தில் கிளென்கிளிஃப் என்ற சின்ன ஊர். வீட்டிலிருந்து திரும்பி வரும் கதகதப்புப் பெட்டிகளை அங்குள்ள தபால் நிலையத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். இனி வருவது மவுன்ட் வாஷிங்டன். 1,917 மீட்டர்தான், ஆனால், 1934 ஏப்ரலில் அதன் உச்சியில் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியதை அங்கிருந்த வானிலை ஆய்வகத்தினர் அளந்தார்கள். உயரே மரமே கிடையாது. கட்ட மரம் இல்லாத இடத்தில் ஹேமக் வெறும் துணிதான். அதனால், பொழுது சாய்வதற்குள் மரங்கள் இருக்கும் உயரத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு நடக்கிறார்கள்.

கடைசியாக மெய்ன் மாநிலம். கட்டாடின் மலை இருக்கும் பாக்ஸ்டர் பூங்காவில் கோடைப் பருவ இரவுத் தங்கல் அக்டோபரில் முடிந்துவிடும். அதற்குள் வந்து சேர்பவர்களின் முதுகுப் பைகள், ஜார்ஜியாவில் இருந்ததைவிட மெலிந்திருக்கும். ஏழு மாதத்தில் எத்தனையோ பொருள்களைத் தூக்கிப்போட்டிருப்பார்கள். கூடுதல் சட்டை, இரண்டாவது பாத்திரம், படிக்காத புத்தகம் எல்லாம் வழியிலேயே போயிருக்கும். ஹேமக்காரர்களின் பையில் மட்டும் அந்த அடிப்போர்வை பத்திரமாக இருக்கும். அக்டோபர் குளிரில், மலையடிவாரத்து மரங்களுக்கு நடுவே கடைசியாக ஒரு முறை அதைக் கட்டி, கையை விட்டு இடைவெளி பார்த்துவிட்டுத்தான் படுப்பார்கள். காலையில் உச்சிக்கு ஏற வேண்டுமே!